ஆளில்லாத் தீவு என்றவர் யார்?

ஆண்டுதோறும் நவம்பர் 2-ஆம் நாள் மாலை நம் கல்லறைத் தோட்டங்கள் திருவிழாக் கோலம் பூணுகின்றன. வில்லியனூர்ப் பக்கமாயினும் பாகூர்ப் பக்கமாயினும் இதே காட்சிதான். ஒரு வாரத்திற்கு முன்பே புல் செதுக்கிச் சுண்ணாம்பு அடிக்கிறோம், சாமந்தி மாலை சாத்துகிறோம், மெழுகுதிரி ஏற்றுகிறோம். சென்னைக்கும் பாரிசுக்கும் போய்விட்டவர்கள்கூட அன்று ஊர் திரும்பித் தாத்தாவின் சிலுவையருகே நிற்கிறார்கள். குருவானவர் தீர்த்தம் தெளித்து ஒவ்வொரு குழியாக மந்திரித்து வருகிறார். இது எங்கள் மண் என்பதற்கு அன்று வேறு சாட்சியம் எதுவும் எவருக்கும் தேவைப்படுவதில்லை.

சென்ற ஆண்டு அந்நாளின் மறையுரையில், தம் முன்னோரின் கல்லறைகளைக் காணவே அயல்நாட்டு அரசிடம் அனுமதி கேட்டு நிற்கும் ஒரு கத்தோலிக்க மக்களைப் பற்றிச் சில சொற்கள் கூறினோம். இந்தியப் பெருங்கடலில் உள்ள சாகோஸ் தீவுகளின் மக்கள் அவர்கள். திருப்பலி முடிந்ததும் ஓய்வு பெற்ற ஆசிரியர் ஒருவர் நம்மிடம் வந்தார். நன்கு படித்தவர், ஞாயிறு தவறாதவர். "சாமி, டியாகோ கார்சியா ஆளில்லாத் தீவு என்றுதானே நாங்கள் படித்திருக்கிறோம்? அங்கே இருந்தவர்கள் தென்னந்தோப்புக் கூலிகள். ஒப்பந்தம் முடிந்தது, திருப்பி அனுப்பினார்கள். இதில் பூர்வகுடி எங்கிருந்து வந்தது?" என்றார்.

அவர் மேல் நமக்கு வருத்தம் இல்லை. ஆனால் அவர் சொன்னது பொய். அப்பொய் அவருடையதும் அன்று. 1960-களில் இலண்டன் மாநகரத்து அலுவலகங்களில், படித்த பெருமக்களால், நன்கு எண்ணிப் பார்த்துச் செய்யப்பட்ட பொய் அது. அறுபது ஆண்டுகளுக்குப் பின் பாகூர் ஏரிக்கரையில் வாழும் ஒரு நல்ல கிறிஸ்தவரின் வாயிலிருந்து அது வெளிவருகிறது என்றால், செய்தவர்களின் திறமையை மெச்சத்தான் வேண்டும்.

முதலில் இடத்தைப் பார்ப்போம். குமரிமுனையிலிருந்து தென்மேற்காக ஏறத்தாழ 1,800 கிலோமீட்டரில் டியாகோ கார்சியா இருக்கிறது. புதுச்சேரிக்கும் டில்லிக்கும் உள்ள தொலைவைவிடச் சற்றுக் குறைவு. இலட்சத்தீவு, மாலத்தீவு, சாகோஸ் ஆகிய மூன்றும் கடலடியில் ஓடும் ஒரே மலைத்தொடரின் முகடுகள். பண்டைக் காலத்தில் எரிமலைகள் எழுந்து மெல்லக் கடலில் அமிழ, அவற்றின் விளிம்பைச் சுற்றிப் பவளப் பூச்சிகள் தம் கூட்டை மேலே மேலே கட்டிக்கொண்டே வந்தன. மலை மறைந்தது, வளையம் நின்றது. வளையத்தின் நடுவே அமைதியான காயல், வெளியே ஆழ்கடல். டியாகோ கார்சியா ஏறக்குறைய ஒரு காலடிச் சுவட்டின் வடிவில் வளைந்து, வடக்கே மட்டும் வாய் திறந்து கிடக்கிறது. மொத்த நிலம் முப்பது சதுரக் கிலோமீட்டருக்கு மேல் இல்லை. பெரும்பகுதி கடல் மட்டத்திலிருந்து சற்றே உயரம், அவ்வளவே.

இத்தகைய மண்ணில் ஆறு கிடையாது, ஏரி கிடையாது. பெய்கின்ற மழை மணலுக்குள் இறங்கி, அடியிலுள்ள உப்புநீரின் மேல் மெல்லிய படலமாக மிதந்து நிற்கும். அளவறிந்து இறைத்தால் நன்னீர். பேராசைப்பட்டு இறைத்தால் உவர். நரம்பை, மூர்த்திக்குப்பம் போன்ற நம் கடற்கரை ஊர்களில் மணற்கிணறு தோண்டியவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. அந்தப் படலத்தை நம்பித்தான் தென்னையும் ஈரப்பலாவும் வளர்ந்தன. அதை நம்பித்தான் அங்கே ஐந்து தலைமுறைகள் பிறந்து வளர்ந்தன.

அவர்கள் எப்படி அங்கே வந்தார்கள்? 1780-களில் மொரீசுத் தீவின் பிரெஞ்சு முதலாளிகள் தேங்காய் எண்ணெய்க்காகத் தோட்டம் போட்டு, அடிமைகளைக் கொண்டு வந்து இறக்கினார்கள். மடகாஸ்கரிலும் மொசாம்பிக்கிலும் பிடிக்கப்பட்டவர்களே பெரும்பாலோர். 1835-இல் அடிமை முறை ஒழிந்தபின் தென்னிந்தியாவிலிருந்து ஒப்பந்தத் தொழிலாளர் வந்து கலந்தனர். ஆகவே சாகோசியரின் குருதியில் ஆப்பிரிக்காவோடு நம் கடற்கரையும் ஓடுகிறது.

இந்த இடத்தில் புதுச்சேரிக்காரர்களாகிய நாம் கொஞ்சம் தலைகுனியலாம். மொரீசுக்கும் ரெயூனியோனுக்கும் போன நம் உறவினரைப் பற்றிப் பெருமை பேசுகிறோம். சொல்தாக்களின் பதக்கங்களைக் கண்ணாடிச் சட்டத்தில் மாட்டி வைக்கிறோம். அதே துறைமுகத்திலிருந்து எத்தனை பேர் விலங்கோடு ஏற்றப்பட்டார்கள் என்பதை எந்த வீட்டுச் சுவரும் சொல்வதில்லை. ஏழை எளியவர்களை வஞ்சித்துப் பிடித்து, ஒளித்து வைத்து, அடிமைகளாகக் கப்பலேற்றிய கதையை ஆனந்தரங்கப் பிள்ளை தம் 1743-ஆம் ஆண்டு நாட்குறிப்பில் எழுதி வைத்திருக்கிறார்.

இன்னொரு தொடர்பும் உண்டு. 1814-ஆம் ஆண்டுப் பாரிசு உடன்படிக்கை புதுச்சேரியைப் பிரெஞ்சுக்காரருக்குத் திருப்பிக் கொடுத்தது. அதே தாள் மொரீசையும் அதைச் சார்ந்த தீவுகளையும் ஆங்கிலேயரிடம் ஒப்படைத்தது. நம் முன்னோரையும் கேட்கவில்லை, அவர்களையும் கேட்கவில்லை. ஆனால் நமக்குப் பின்னொரு நாள் வாய்த்தது. 1954 அக்டோபர் 18-இல் கீழூரில் மக்கள் பிரதிநிதிகள் 178 பேர் கூடி வாக்களித்தனர். 170 பேர் இந்தியாவோடு இணைய விரும்பினர். ஒவ்வொரு குடிமகனையும் கேட்டிருக்க வேண்டும் என்று வாதிடுவோர் உண்டு. வாதிடட்டும். சாகோசியருக்கு அந்த ஒரு கொட்டகையும் கிடைக்கவில்லை.

1965 நவம்பர் 8-ஆம் நாள், மொரீசுக்கு விடுதலை தருவதற்கு இரண்டாண்டுகளுக்கு மேல் இருக்கும்போதே, பிரித்தானிய அரசு சாகோஸ் தீவுகளை அதிலிருந்து அறுத்தெடுத்து 'பிரித்தானிய இந்தியப் பெருங்கடல் பிரதேசம்' என்ற புதிய குடியேற்ற நாடொன்றைப் படைத்தது. உலகெங்கும் குடியேற்ற நாடுகள் ஒழிந்துகொண்டிருந்த காலத்தில் புதிதாக ஒன்று! அமெரிக்காவுக்கு ஒரு படைத்தளம் வேண்டியிருந்தது. 1966 டிசம்பரில் ஒப்பந்தம் முடிந்தது. அதற்கு விலையாகப் போலாரிஸ் ஏவுகணைகளின் கணக்கில் 1 கோடியே 40 இலட்சம் டாலர் மறைவாகத் தள்ளுபடி செய்யப்பட்டது.

இங்கேதான் அந்தப் பொய் தேவைப்பட்டது. தன்னாட்சி பெறாத பகுதியொன்றில் நிலையான குடிகள் இருந்தால், அவர்களின் நலனைக் காக்கவும் அவர்களைப் பற்றி ஐக்கிய நாடுகள் அவைக்கு அறிக்கை தரவும் ஆளும் நாடு கடமைப்பட்டது. ஐ.நா. சாசனத்தின் 73-ஆம் பிரிவு இதைச் சொல்கிறது. குடிகளே இல்லையென்றால் கடமையும் இல்லை. எனவே அங்கே பிறந்தவர்கள், அங்கே பிறந்தவர்களுக்குப் பிறந்தவர்கள், எல்லாரும் மொரீசிலிருந்தும் சேசெல்சிலிருந்தும் வந்துபோகும் ஒப்பந்தத் தொழிலாளர் எனத் தாளில் மாற்றப்பட்டனர். அதிகாரிகள் தமக்குள் எழுதிக்கொண்ட குறிப்பொன்று, சில டார்சான்களும் ராபின்சன் குரூசோவின் வேலையாளைப் போன்ற சிலரும் அங்கே இருப்பதாக நகையாடுகிறது. பின்னாளில் நீதிமன்றத்தில் வெளிவந்த ஆவணம் இது, நம் கற்பனையன்று.

அதன்பின் நடந்ததைச் சுருக்கமாகச் சொல்கிறோம். விரித்தால் நெஞ்சு பொறுக்காது. மருத்துவத்திற்காகவும் உறவினரைக் காணவும் மொரீசுக்குப் போனவர்கள் 1968 முதல் திரும்பும் கப்பலில் ஏற மறுக்கப்பட்டனர். தீவுக்கு வரும் உணவும் மருந்தும் குறைக்கப்பட்டன. 1971-இல் அனுமதியின்றி எவரும் அங்கிருக்கலாகாது என்று சட்டம் வந்தது. அவ்வாண்டே டியாகோ கார்சியா காலியாயிற்று. மக்கள் வளர்த்த நாய்களைப் பிடித்துக் கொப்பரை உலர்த்தும் கூடத்தில் அடைத்து, வண்டிப் புகையைச் செலுத்திக் கொன்றார்கள். ஏறத்தாழ ஆயிரம் நாய்கள் என்பர். 1973-இல் கடைசித் தீவான பெரோஸ் பான்யோசும் வெறுமையானது. மொத்தத்தில் 1,500 முதல் 2,000 பேர், ஒரு பெட்டியோடு ஒரு பாயோடு, மொரீசின் சேரிகளிலும் சேசெல்சிலும் கொட்டப்பட்டனர். லிஸ்பி எலிசே என்ற மூதாட்டி 2018-இல் அனைத்துலக நீதிமன்றத்தில் ஒளிப்பதிவின் வாயிலாகச் சாட்சி சொன்னார். எழுதப் படிக்கத் தெரியாதவர் அவர். 1973-இல் கப்பலேற்றப்பட்டபோது தாம் கருவுற்றிருந்ததையும் பின்னர் அக்குழந்தையை இழந்ததையும் தம் கிரியோல் மொழியில் கூறினார். அம்மொழியில் 'சாக்ரேன்' என்றொரு சொல் உண்டு. துயரம் என்பது பொருள். அதனாலேயே பலர் மாண்டனர் என்று அம்மக்கள் சொல்லுகிறார்கள்.

இதே 1971-ஆம் ஆண்டு டிசம்பரில் ஐ.நா. பொதுப்பேரவை இந்தியப் பெருங்கடலை அமைதி மண்டலம் என்று அறிவித்தது என்பதையும் வாசகர்கள் நினைவில் வைக்கலாம்.

நாபோத்தின் திராட்சைத் தோட்டத்தை நாம் எத்தனை முறை மறையுரையில் எடுத்தாண்டிருக்கிறோம்! ஆகாபு அரசனின் பேராசை, ஈசபேலின் சூழ்ச்சி, எலியாவின் கண்டனம். தனி மனிதப் பாவமாகவே அதை விளக்கிவிட்டு இறங்கிவிடுகிறோம். அரசர்கள் முதல் நூலின் 21-ஆம் அதிகாரத்தை மீண்டும் பொறுமையாகப் படித்தால் வேறொன்று தெரியும். அங்கே முதலில் கல் எறியப்படவில்லை; முதலில் கடிதம் எழுதப்பட்டது. அரசனின் முத்திரை இடப்பட்டது. சாட்சிகள் அமர்த்தப்பட்டனர். நாபோத்து யார் என்பது தாளில் மாற்றப்பட்டது: மூதாதையர் உரிமையைக் காத்தவன் கடவுளைப் பழித்தவன் ஆனான். அதன்பிறகு கல்லெறிவது ஊராருக்கு ஒரு கடமை போலவே தோன்றியிருக்கும்.

சரி, ஆசிரியரின் வாதத்திற்கு வருவோம். அவர்கள் கூலிகளாகத்தானே வந்தார்கள் என்கிறார். ஆம், வந்தார்கள், அல்ல, கொண்டுவரப்பட்டார்கள். அவர்களுக்கு முன் அங்கே எவரும் குடியிருந்ததில்லை. அப்படியாயின் அந்த மண்ணில் முதலில் பிள்ளை பெற்றவர்கள், முதலில் பிணம் புதைத்தவர்கள் அவர்களே. அடிமையாக வந்தவனின் பேரன் மண்ணின் மைந்தன் ஆக முடியாது, அடிமையைக் கொண்டுவந்தவனின் அரசு மட்டும் உரிமையாளன் ஆகலாம் என்பது எந்த நாட்டு நியாயம்? டியாகோ கார்சியாவின் ஈஸ்ட் பாயிண்ட் தோட்டத்தில் சிற்றாலயம் இருந்தது, கல்லறைகள் இருக்கின்றன. வந்துபோகிற கூலி ஐந்து தலைமுறைக் கல்லறை வைப்பதில்லை. 2006-இல் ஏறத்தாழ நூறு சாகோசியர் சில நாள்களுக்கு மட்டும் அங்கே செல்ல விடப்பட்டனர். போனவர்கள் முதலில் செய்தது என்ன? நாம் நவம்பர் 2-ஆம் நாளுக்கு முன் செய்வதைத்தான். புல் செதுக்கினார்கள்; கல்லறைகளைத் துடைத்தார்கள்; மலர் வைத்தார்கள்.

இத்தகைய கொடுமைக்குச் சமயத்தைத் துணைக்கழைத்தவர்களும் உண்டு. பசிபிக் பெருங்கடலின் பிகினி பவளத்தீவில் 1946 பிப்ரவரியில், ஞாயிறு வழிபாடு முடிந்து வெளியே வந்த மக்களை அமர்த்தி, அமெரிக்கக் கடற்படை ஆளுநர் பேசினார். அவர்களை இஸ்ரயேல் மக்களுக்கு ஒப்பிட்டு, மனிதகுல நன்மைக்காகத் தீவை விட்டுத் தர வேண்டும் என்றார். 167 பேரும் வெளியேறினர். 1958 வரை அங்கே 23 அணுகுண்டுகள் வெடிக்கப்பட்டன. இன்றளவும் அவர்களால் அங்கே திரும்பி வாழ முடியவில்லை. விடுதலைப் பயண நூலைப் பார்வோனின் தூதர் வாசித்துக் காட்டினால் இப்படித்தான் இருக்கும். நாம் பெருமை கொள்ளும் பிரெஞ்சு நாடும் இதில் குறைந்ததன்று. 1966 முதல் 1996 வரை மொருரோவா, ஃபங்கடாவுஃபா என்னும் இரு பவளத்தீவுகளில் 193 அணுச் சோதனைகளை நடத்தியது.

நீதிமன்றங்கள் என்ன செய்தன என்று கேட்கலாம். 2000-ஆம் ஆண்டு நவம்பர் 3-இல் இலண்டன் உயர் நீதிமன்றம் வெளியேற்றம் சட்ட விரோதம் என்றது. 2004-இல் அரசியின் பெயரால் ஆணை பிறப்பித்து, நாடாளுமன்றத்தைக் கேட்காமலே, அத்தீர்ப்பின் பயனை அரசு பறித்தது. 2008-இல் பிரபுக்கள் அவையின் நீதிபதிகள் மூவருக்கு இருவர் என்ற கணக்கில் அதற்கு இசைந்தனர். 2019 பிப்ரவரியில் அனைத்துலக நீதிமன்றம் சாகோசைப் பிரித்ததே முறைகேடு எனக் கருத்துரைத்தது. அவ்வாண்டு மே மாதம் ஐ.நா. பேரவையில் 116 நாடுகள் அதை ஏற்றன. இந்தியாவும் அவற்றுள் ஒன்று. 2025 மே 22-இல் மொரீசும் பிரித்தானியாவும் உடன்படிக்கையில் கையொப்பமிட்டன. தீவுகளின் இறையாண்மை மொரீசுக்கு. டியாகோ கார்சியா மட்டும் 99 ஆண்டுக் குத்தகையில் படைத்தளத்திற்கே. பிற தீவுகளில் மக்களைக் குடியமர்த்தலாமாம். டியாகோ கார்சியாவில் பிறந்த கிழவிக்கு 99 ஆண்டு என்பதன் பொருள் என்ன என்பதை எந்த வழக்கறிஞரும் விளக்கியதாகத் தெரியவில்லை. இப்பேச்சுவார்த்தையில் அம்மக்களுக்கென்று ஓர் இருக்கையும் இடப்படவில்லை. 2025 ஆகஸ்டில் சாகோசிய அகதிகளின் குழுவைச் சந்தித்த திருத்தந்தை பதினான்காம் லியோ, மிகச் சிறிய மக்களினமும் தன் மண்ணில் வாழும் உரிமையுடையது என்றும் எவரையும் கட்டாயமாக நாடு கடத்தலாகாது என்றும் கூறினார். 'இன்றைய உலகில் திருச்சபை' ஏடு தன் 27-ஆம் எண்ணில் நாடு கடத்தலை மனித மாண்புக்கு எதிரான இழிசெயல்களின் வரிசையில் வைத்தது 1965 டிசம்பரில். தீவுகள் அறுக்கப்பட்டு அப்போது ஒரு மாதமே ஆகியிருந்தது.

இனி, தமிழர்களாகிய நமக்கு நேரடியாகச் சுடும் பகுதி. 2021 அக்டோபரில் 89 இலங்கைத் தமிழர் ஏறியிருந்த மீன்பிடிப் படகொன்று கனடா நோக்கிப் போகும் வழியில் பழுதாகி டியாகோ கார்சியாவில் கரை சேர்ந்தது. நம் கீழ்ப்புத்துப்பட்டு முகாமைப் போன்ற தமிழ்நாட்டு முகாம்களில் ஆண்டுக் கணக்கில் இருந்தவர்களும் அவர்களுள் உண்டு. வேலி போட்ட கூடாரங்களில் மூன்றாண்டுகளுக்கு மேல் அடைத்து வைக்கப்பட்டனர். பச்சிளங் குழந்தைகளும் அங்கே இருந்தன. உயிரை மாய்த்துக்கொள்ள முயன்றவர்களும் உண்டு. அகதிகள் பற்றிய அனைத்துலக உடன்படிக்கை இத்தீவுக்குப் பொருந்தாது என்று வாதிடப்பட்டது. 2024 டிசம்பரில்தான் பெரும்பாலோர் இங்கிலாந்துக்கு அழைத்துச் செல்லப்பட்டனர். அவர்களை அடைத்து வைத்தது சட்டத்திற்குப் புறம்பானது என்று அதே மாதம் நீதிபதி தீர்ப்பளித்தார். அங்கேயே பிறந்தவர்களிடம் நீ இவ்வூரான் அல்லன் என்ற அதே தீவு, அடைக்கலம் தேடி வந்தவர்களிடம் இது ஊரே அன்று என்றது. இத்தனையும் நடந்த காலத்தில் நம் ஞாயிறு மன்றாட்டுகளில் ஒரு முறையேனும் அவர்கள் நினைக்கப்பட்டார்களா? நம் பங்கில் இல்லை. இதை நாம் ஒப்புக்கொள்கிறோம்.

ஒப்புக்கொள்ள வேண்டியது இன்னும் இருக்கிறது. 2011-ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் புதுச்சேரி ஒன்றியப் பகுதியின் பட்டியல் பழங்குடியினர் எண்ணிக்கை எவ்வளவு தெரியுமா? சுழியம். அப்படியொரு பட்டியலே நமக்கு இல்லை. ஏரிக்கரையிலும் வாய்க்கால் மேட்டிலும் குடிசை போட்டு, வயலில் எலி பிடித்தும், தோப்புக்குக் காவலிருந்தும், சூளையில் கல் அறுத்தும் வாழ்ந்துகொண்டிருந்த இருளர்கள் அப்போதும் நம் கண்ணெதிரேதான் இருந்தார்கள். 2016 டிசம்பரில் வந்த குடியரசுத் தலைவர் ஆணையே அவர்களை முதன்முதலாகப் பட்டியல் பழங்குடியினர் என்று ஏற்றது. பாகூர்ச் செப்பேடு பல்லவ மன்னன் நிருபதுங்கன் மூன்று ஊர்களைக் கல்விச்சாலைக்கு அளித்ததைச் சொல்கிறது. அந்த ஊர்களின் ஓரத்தில் அன்று யார் வேட்டையாடிப் பிழைத்தனர் என்பதைச் சொல்லாது. எழுதுகிறவனுக்குத் தெரிந்தவர்களே எழுத்தில் இருப்பார்கள். இலண்டன்காரன் சுழியம் என்று எழுதியதைக் கண்டு கொதிக்கிற நாம், நம் கணக்கிலிருந்த சுழியத்தைக் கண்டு ஒரு நாளும் கொதித்ததில்லை.

பல ஆண்டுகளுக்கு முன் சங்கராபரணி ஆற்றோரத்துச் சூளையொன்றுக்கு வேலைக்கு வந்த குடும்பம் தம் குழந்தைக்குத் திருமுழுக்குக் கேட்டு நம்மிடம் வந்தது. சொந்தப் பங்கிலிருந்து கடிதம் கொண்டுவாருங்கள் என்றோம். எந்தப் பங்கு என்று அவர்களுக்கே சொல்லத் தெரியவில்லை. ஒரு பருவத்திற்கு ஓர் ஊர் என்று அலைகிறவர்கள். பதிவேட்டின் ஓரத்தில் 'தற்காலிகம்' என்று குறித்து, பிறகு பார்க்கலாம் என்று அனுப்பிவிட்டோம். மழை தொடங்கியது, சூளை மூடியது, அவர்கள் போய்விட்டார்கள். குழந்தை பெண்ணா ஆணா என்பதுகூட இப்போது நினைவில் இல்லை. சாகோஸ் ஆவணங்களைப் படித்தபோது அங்கே திரும்பத் திரும்ப வரும் சொல்லைக் கண்டு நாம் புத்தகத்தை மூடிவைத்தோம். நிலையற்றோர், தற்காலிகமாக இருப்போர். நம் கையெழுத்தாகவே அது தெரிந்தது.

ஆசிரியருக்கு இவற்றையெல்லாம் ஒரே நாளில் சொல்லவில்லை. பல மாலைகளில் பேசினோம். இன்னும் அவர் முழுமையாக இசையவில்லை. இந்தியப் பெருங்கடலில் சீனக் கப்பல்கள் உலவும்போது ஒரு தளம் இருப்பது நமக்கு நல்லதுதானே என்கிறார். இருக்கலாம், அந்தத் தளத்தின் ஒரு கரையில் ஒரு தேவாலயமும் நூறு வீடுகளும் இருந்தால் எந்தக் கப்பல் தடுக்கப்படாமல் போய்விடும் என்று கேட்டோம். அதற்கு அவரிடம் விடையில்லை, இலண்டனிடமும் இல்லை.

இவ்வாண்டு எம் பங்கின் குடும்பப் பதிவேட்டைப் புதிதாக எழுதுகிறோம். பழைய படிவத்தில் 'நிலையானவர், தற்காலிகமானவர்' என்று இரு பத்திகள் இருந்தன. இரண்டாவது பத்தியை எடுத்துவிட வேண்டும் என்று பங்குப் பேரவையில் சொன்னோம். சந்தா கணக்கு குழம்பிவிடும் என்று இருவர் மறுத்தனர். அவர்களுள் ஒருவர் அந்த ஆசிரியர். கல்லறைத் தோட்டத்தின் மேற்கு மூலையில் பெயர்ப்பலகை இல்லாமல் கிடக்கும் மேடுகளில் யார் யார் என்று முதலில் விசாரித்து எழுதுவோம், பத்தியைப் பற்றிப் பிறகு பேசலாம் என்று முடிவாயிற்று. விசாரிக்கும் பொறுப்பை அவரே கேட்டு வாங்கிக்கொண்டார். இதுவரை நான்கு பெயர்கள் கிடைத்திருக்கின்றன.